தாத்தாவின் சொந்த ஊரைத் தேடுகிறீர்களா?

இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் வீடு வீடாகப் பெயர்களைப் பார்க்கலாம். மலாயாவின் பழைய கணக்கெடுப்பு அறிக்கைகளோ பெரும்பாலும் எண்ணிக்கைகளைத்தான் தருகின்றன. ஆகவே ஆயர் குரோ வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் வேறு தடங்களைப் பிடிக்க வேண்டும்.

• வீட்டுப் பெரியவர்களிடம் ஊர், குலதெய்வம், கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். குலதெய்வக் கோயில் தெரிந்தால் ஊர் பாதி தெரிந்த மாதிரி.

• பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்களை வரிசையாக அடுக்குங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயர் இருக்கும்; தாத்தாவுடையதில் பூட்டனார் பெயர். தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் விசாரியுங்கள்.

• பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, கடிதம், கடப்பிதழ் எதையும் வீசாதீர்கள். கடித உறையின் அஞ்சல் முத்திரையே ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

• முனியாண்டி, சுப்பிரமணியம் போன்ற பெயர்களைக் கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

• தோட்டத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. கங்காணி அழைத்து வந்தவர் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேடுங்கள்.

• தோட்டக் கோயிலின் நன்கொடைப் பலகை, கல்லறை, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றையும் பாருங்கள். தோட்டம் கைமாறுமுன் படமெடுத்து வையுங்கள்.

• கிடைத்ததையெல்லாம் நகலெடுத்து உடன்பிறந்தாருக்கும் கொடுங்கள்.