குளமும் மென்பொருளும்

குளம் வெட்டுவது ஒருமுறை. கரையும் மடையும் பார்ப்பது ஆண்டுதோறும். கீழப்பாவூர் மக்களுக்கு இது தெரிந்ததே. இதையே நம் முன்னோர் குடிமராமத்து என்றனர். மென்பொருளுக்கும் மராமத்து உண்டு.

இணையத்தில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்காவண்ணம் பூட்டி அனுப்புவது விபிஎன். 2001இல் ஜேம்ஸ் யோனன் வெளியிட்ட ஓப்பன்விபிஎன் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். பூட்டுவதற்கு அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொது மென்பொருளைத் துணைகொண்டது.

2012இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. அதன்வழி பூட்டின் சாவியே களவுபோகலாம். ஈராண்டு கழித்து, 2014 ஏப்ரல் 7 அன்றுதான் உலகறிந்தது. அன்றே திருத்தமும் வந்தது. ஆயினும் அதைத் தம் கணினியில் ஏற்றாதவர்க்குப் பயன் ஏது?

எல்லோரும் பார்க்கலாம் என்பதால் எவரேனும் பார்ப்பார் என்றிருத்தல் தகாது. பொதுச்சொத்தைப் பேணுவது நம் ஒவ்வொருவர் கடமையன்றோ!