சட்டைக் கையை மடிக்கும் முன்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஊதா லைன் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே டோபி காட். ஸ்டேஷனோடு சேர்ந்த டோபி எக்ஸ்சேஞ்ச் கடைவரிசையில் ஒரு ரத்த வங்கி இருக்கிறது. அங்கிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி ஊட்ரம் பார்க். அங்கே ஊட்ரம் ரோட்டில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பெரிய வங்கி. வடக்கே உட்லண்ட்ஸ், மேற்கே ஜூரோங் ஈஸ்ட்டில் வெஸ்ட்கேட் டவர் என இன்னும் இரண்டு இடத்திலும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் நிற்கும் நம்மாட்களிடம் கேட்டுப் பாருங்கள். ரத்தம் கொடுக்க மனசு இருக்கும். உள்ளே போனால் என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும், மறுநாள் சைட்டில் ஏணி ஏற முடியுமா என்றுதான் தெரியாது.

நானும் முதல் முறை தெரியாமல்தான் போனேன். பல மாதமாக இன்ஸ்டன்ட் நூடுல்ஸும் டீயும்தான் சாப்பாடு. விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 12.4. ஆண்களுக்குக் குறைந்தது 13 வேண்டும். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தயாராகாமல் இன்டர்வியூவுக்குப் போனவன் அனுபவம்தான். அன்றைக்குப் பாதி நாள் லீவும் வீண். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. "எனக்கு என்ன கிடைக்கும்?" நியாயமான கேள்வி. பணம் கிடைக்காது. சிங்கப்பூரில் ரத்தம் முழுக்கத் தன்னார்வலர் தருவது. இந்தியாவிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை. கிடைப்பது வேறு. ஊரில் நமக்குப் பழகிய முறையை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் "ரெண்டு யூனிட்டுக்கு ஆள் கூட்டி வாங்க" என்பார்கள். வாட்ஸ்அப்பில் அவசர மெசேஜ் பறக்கும். மாமன், மச்சான், ஊர்ப் பசங்க எல்லாரும் ஓடுவார்கள். இங்கே வேலைக்கு வந்தவனுக்கு அந்த மச்சான் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்து ஆம்புலன்ஸில் போகிறவனுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் போன வாரம் கொடுத்த பை ஏற்கனவே ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். தீவு முழுக்க ஒரு நாளைக்கு 400 யூனிட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. கொடுப்பவர்கள் குடியிருப்பாளர்களில் 2 சதவீதம்கூட இல்லை. அந்த ஃபிரிட்ஜ் நிறைந்திருப்பதில் உங்களுக்கும் நேரடி லாபம் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

சிவப்பணுக்களை ஆறு வாரம்வரை வைத்திருக்கலாம். பிளேட்லெட் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் சீனப் புத்தாண்டு, வருடக் கடைசி என்று எல்லாரும் லீவில் போகும் நேரத்தில் இருப்பு குறைந்தால் செஞ்சிலுவைச் சங்கம் வேண்டுகோள் விடுக்கிறது. அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் இருக்கிறவர் நீங்கள் என்றால் உங்கள் மதிப்பு கூடுதல்.

2. வீட்டிலேயே உங்களை ஷார்ட்லிஸ்ட் செய்யுங்கள். வயது குறைந்தது 16. 16, 17 வயதுக்காரர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12.5. கடந்த மூன்று வாரத்தில் காய்ச்சல் இருக்கக் கூடாது. இருமல், சளி, தொண்டைவலி, வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் சரியாகி ஒரு வாரமாவது கழிய வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெயர் ஞாபகமில்லை என்று நிற்காமல் அட்டையை அப்படியே எடுத்துப் போங்கள். படத்தோடு உள்ள அடையாள அட்டை கட்டாயம். ஐசி இல்லாதவர் ஒர்க் பர்மிட்டோ பாஸ்போர்ட்டோ கொண்டு போகலாம்.

நம்மாட்கள் அதிகம் சறுக்கும் இடம் பயணம். மலேரியா ஆபத்துள்ள பகுதிக்குப் போய் வந்தால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தியப் பயணமும் இந்தக் கேள்வியில் மாட்டும். திருச்சியிலிருந்து திரும்பிய வாரமே உற்சாகமாக வந்து வரிசையில் நின்று பயனில்லை. எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து வைத்து, புக் பண்ணுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

3. இரும்புச்சத்துக்கு லீட் டைம் உண்டு. முதல் நாள் ராத்திரி ஈரல் வறுவல் சாப்பிட்டு மறுநாள் ஹீமோகுளோபின் ஏற்ற முடியாது. குறைந்தது ஒரு மாதமாவது முன்கூட்டியே ஆரம்பியுங்கள். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. கேழ்வரகு, பயறு, கறி, மீன் எதுவானாலும் சரி. இதைவிட முக்கியமானது டீ டைமிங். சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. டீயில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு ஏதாவது சேருங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். சைவம் சாப்பிடுகிறவர்களும் பெண்களும் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். முதல் முறை திரும்பி வந்தபின் நான் மாற்றியது டீ நேரத்தையும் மத்தியானச் சாப்பாட்டையும்தான். மூன்றாவது மாதம் அதே விரல் நுனி டெஸ்ட்டில் 13.6.

4. அன்றைய நாள். ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். எல்லா வங்கியும் எல்லா நாளும் திறந்திருக்காது. நேரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள். முந்தின இரவு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே போவது தப்பு. வெறும் வயிறு கூடாது. இட்லி, உப்புமா போதும். நெய் மிதக்கும் பிரியாணியை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கொழுப்பு மிதந்தால் பரிசோதனைக்குச் சிக்கல். போவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர். முழங்கைக்கு மேல் சுலபமாக மடிக்கக்கூடிய கையுள்ள சட்டை.

5. கேள்வித்தாள்தான் உண்மையான ரவுண்ட். உள்ளே போனதும் பதிவு, பிறகு கேள்வித்தாள், பிறகு ஒருவர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். ரத்த அழுத்தம், நாடி பார்ப்பார். வேலை இன்டர்வியூவில் பலவீனத்தை மறைத்துப் பலத்தைக் காட்டப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கே வாசலிலேயே விட்டுவிடுங்கள். பாலியல் வாழ்க்கை பற்றிக் கேட்பார்கள். போதை ஊசி பற்றிக் கேட்பார்கள். கூடப் படித்தவன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான், சூப்பர்வைசர் கூட வந்திருக்கிறார் என்ற கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எச்ஐவி, ஹெப்பாடிட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள். ஆனால் புதிதாகத் தொற்றிய கிருமி ஆரம்ப நாட்களில் எந்த டெஸ்ட்டிலும் சிக்காமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது உங்கள் வாய்ச் சொல் மட்டும்தான். சட்டமும் அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறது. தொற்றுநோய்கள் சட்டப்படி பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "இலவசமா எச்ஐவி டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் போய்ப் பாருங்கள்; ரத்த வங்கி அதற்கான இடமில்லை.

கூட்டமாக வந்து உங்களுக்கு மட்டும் கொடுக்க மனசில்லை என்றால் தனி அறையில் அதைச் சொல்லிவிடலாம். வெளியே வந்து "இன்னைக்கு முடியாதுன்னுட்டாங்க" என்றால் போதும். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. டீம் லீடராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: திரும்பி வந்தவனிடம் ஏன் என்று கேட்காதீர்கள்.

6. நாற்காலி. படுத்தாற்போல் சாய்ந்த நாற்காலி. முழங்கை மடிப்பைச் சுத்தம் செய்து, முதலில் மரத்துப்போகச் சின்ன ஊசி போடுவார்கள். அதுதான் சுள்ளென்று இருக்கும். பெரிய ஊசி ஏறும்போது அழுத்தம் மட்டும் தெரியும். கையில் பிடித்து அழுத்த ஒரு பந்து தருவார்கள். எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லி. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதிவிலிருந்து பிஸ்கட் வரை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை லேசாகிறது, வியர்க்கிறது, காது அடைக்கிறது என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ஆம்பளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்தான் எழுந்ததும் விழுவார். சொன்னால் காலை உயர்த்தி வைப்பார்கள், ஒரு சில நிமிடத்தில் சரியாகும். முதல் முறை கொடுப்பவர்கள், சின்ன வயதுக்காரர்கள், எடை குறைந்தவர்களுக்கு இது வரலாம். கால்களைக் குறுக்காகப் போட்டுத் தொடையை இறுக்கி இறுக்கித் தளர்த்தினால் ரத்த அழுத்தம் விழாமல் நிற்கும். முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

7. முடிந்த பிறகு ஓடாதீர்கள். கொடுப்பதைச் சாப்பிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதை டிராயரில் போட்டு மறப்பவர்கள்தான் அடுத்த முறை விரல் நுனி டெஸ்ட்டில் திரும்பி வருகிறார்கள். போன நீரை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டும். சிவப்பணு திரும்ப வாரங்கள் ஆகும், இரும்புக் கையிருப்பு நிரம்ப அதைவிட நாளாகும். அடுத்த முறை கொடுக்க 12 வாரம் காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். கொடுத்த கையால் அன்று கனம் தூக்க வேண்டாம், ஜிம் வேண்டாம்.

8. வேலையோடு பொருத்துங்கள். சாரம் கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், உயரத்தில் வேலை செய்கிறவர் யாரும் கொடுத்துவிட்டு அதே நாள் டியூட்டிக்குப் போகக் கூடாது. ஆஃப் டேக்கு முந்தின நாள் மாலையோ ஆஃப் டே காலையோ கொடுப்பது நல்லது. ரத்ததானத்துக்கென்று சட்டப்படி தனி லீவு கிடையாது, அதனால் கேட்கும் விதம் முக்கியம். "நாளைக்குப் போகணும் சார்" என்றால் முகம் சுளிப்பார். இரண்டு வாரம் முன்பே தேதி, நேரம், யார் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்த ஒரு சூப்பர்வைசர் முதல் முறை அரைமனதாக விட்டார். அடுத்த முறை அவரே டீமில் நாலு பேரைச் சேர்த்து அனுப்பினார். பிளான் போட்டு வந்து நிற்கிறவனை மேலிடம் மறக்காது.

9. ஒரு படி மேலே போக நினைப்பவர்களுக்கு. கம்பெனியிலோ குடியிருப்பிலோ ரத்ததான முகாம் நடத்த செஞ்சிலுவைச் சங்கம் வழிகாட்டும். நாட்டின் ரத்ததானிகளைத் திரட்டும் பொறுப்பு அவர்களுடையது. இடம் பார்க்க வேண்டும், ஆட்களைப் பதிவு செய்ய வேண்டும், எச்ஆரிடம் அனுமதி வாங்க வேண்டும், பேனர் போட வேண்டும், வராதவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு அப்ளை பண்ணும் ஒரு டெக்னீஷியனுக்கு இதைவிட நல்ல அனுபவம் எளிதில் கிடைக்காது. ரெஸ்யூமேயில் "வாலன்டியர்" என்று ஒற்றைச் சொல் எழுதாதீர்கள். எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் உடல்நிலை காரணமாகத் திரும்பினார்கள், அடுத்த முறை அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூ எடுப்பவர் கடைசிக் கேள்வியில் நிறுத்திக் கேட்பார்; நீங்கள் டீயையும் முருங்கைக்கீரையையும் பற்றிப் பேசலாம். ஆட்களைச் சேர்க்கும்போது ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: யாரையும் வற்புறுத்தாதீர்கள். வற்புறுத்தி வந்தவன்தான் கேள்வித்தாளில் உண்மையை மறைப்பான்.

10. அடுத்த தேதி. 12 வாரம் என்றால் 84 நாள். பொங்கலன்று கொடுத்தால் ஏப்ரல் இரண்டாம் வாரம், தமிழ்ப் புத்தாண்டுக்குச் சற்று முன் மறுபடி கொடுக்கலாம். அந்த நாற்காலியிலிருந்து எழும்போதே போனில் ரிமைண்டர் போடுங்கள். ஊருக்குப் போகும் பிளான் இருந்தால் பயண டிக்கெட்டோடு ரத்த வங்கி அப்பாயின்ட்மென்ட்டையும் சேர்த்து எடுங்கள். பறப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்தபின் காத்திருக்க வேண்டிய மாதங்களில் உடம்பு இழந்த இரும்பைச் சேர்த்துக்கொள்ளும்.