வெள்ளைச் சுவரும் பித்தளை விளக்கும்

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் போன்ற நகரங்களைச் சுற்றிப் புதிய வீடமைப்புப் பகுதிகள் பல எழுந்துள்ளன. அங்குக் குடியிருக்கும் தமிழர்களுள் பலர், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்தவர்கள் நகரத்து வரிசை வீடுகளுக்கு இடம்பெயர்ந்தனர்.

இன்று அவ்வீடுகளுக்கு வெள்ளை, தந்த நிறம், சந்தன நிறம், வெளிர் சாம்பல், மண் பழுப்பு ஆகியவற்றைப் பூசுவோர் பெருகி வருகின்றனர். இவை நடுநிலை வண்ணங்கள் எனப்படும். இவை கண்ணை உறுத்துவதில்லை. எந்த நிறத்தோடும் எளிதில் பொருந்துகின்றன. ஒளியைச் சிதறடித்துச் சிறிய கூடத்தையும் பெரியதாகக் காட்டுகின்றன. ஆயினும், குடிபுகுந்த சில மாதங்களிலேயே, “வீடு மருத்துவமனை போல் இருக்கிறதே!” என்று சலித்துக்கொள்வோரும் உளர். இச்சலிப்புக்குக் காரணம் வெளிர் நிறம்தானா?

இவ்வினாவிற்கான விடை பழைய தோட்ட வீடுகளிலேயே இருக்கிறது. தீபாவளியோ பொங்கலோ நெருங்கும்போது, தோட்ட மக்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் சிறிதளவு நீலமும் கலப்பார்கள். அந்த நீலம் சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை மறைத்துச் சுவரைப் பளிச்சென்று காட்டும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல இறுகும். அதன் காரத்தன்மை பூஞ்சணம் படர்வதைத் தடுக்கும். ஈரக்காற்று மிகுந்த மலேசியாவிற்கு அது ஏற்ற பூச்சாகவே இருந்தது.

அந்த வெள்ளைச் சுவர் யாருக்கும் சலிப்பூட்டவில்லை. சுவரில் சாமிப் படங்களும் நாள்காட்டியும் தொங்கின. புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் மூலையில் மின்னியது. வாசலில் சாணம் தெளித்த மண்தரையில் அரிசிமாக் கோலம் விரிந்தது. கோலத்தில் இருப்பவை மண்ணின் பழுப்பும் மாவின் வெண்மையும்தாம். இரண்டுமே நடுநிலை வண்ணங்கள். எனினும், கோலம் போட்ட வாசலை வெறுமையானது என்று எவரும் சொல்வதில்லை. எனவே, சலிப்பை உண்டாக்குவது நிறமன்று. ஒளியும் இழைநயமும் வேறுபாடும் இல்லாத வெறுமையே.

முதலாவது ஒளி. வெள்ளை என்பது ஒரே நிறமன்று. சில வெள்ளைகளில் மஞ்சள் சாயல் இருக்கும்; அவை இதமான உணர்வைத் தரும். சிலவற்றில் நீலச் சாயல் இருக்கும். அவை குளிர்ச்சியாகத் தோன்றும். வரிசை வீடுகளில் முன்புறமும் பின்புறமும் மட்டுமே சன்னல்கள் இருப்பதால், நடு அறைகளுக்குப் பகலொளி குறைவாகவே கிடைக்கும். அங்கு நீலச் சாயலுள்ள வெள்ளையைப் பூசினால் அறை சோர்ந்து காணப்படும். சந்தனச் சாயலுள்ள வெள்ளையே பொருந்தும். கடையில் கிடைக்கும் வண்ண அட்டையை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது. சுவரின் ஒரு பகுதியில் சிறிது பூசி, காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் பார்த்தல் நலம். விளக்கும் முக்கியமானது. நீலம் கலந்த வெள்ளை விளக்கொளியில் சந்தன நிறம்கூட வெளிறித் தெரியும். இளமஞ்சள் ஒளியில் அதே சுவர் உயிர்பெறும்.

இரண்டாவது இழைநயம். அதாவது, பொருளின் மேற்பரப்பு கண்ணுக்கும் கைக்கும் தரும் உணர்வு. மெர்போக் அருகே, ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் இதற்கு நல்ல சான்றாகும். பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களுள் ஒன்றான அது கருங்கல்லால் ஆனது. எங்கும் கல்லின் நிறமே. ஆனால், கல்லின் சொரசொரப்பிலும் படிகளின் விளிம்புகளிலும் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுவதால், பார்க்கும் கண் சலிப்பதில்லை. வீட்டிலும் அவ்வாறே. வழவழப்பான சுவருக்கு முன்னால் பிரம்பு நாற்காலி, தரையில் மெங்குவாங் பாய், சன்னலில் பருத்தித் திரைச்சீலை, மேசையில் மண்குவளை என அமைத்தால், எல்லாம் வெளிர் நிறமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்.

இரப்பர் மரத்தாலான மேசையும் நாற்காலியும் இவ்வகையில் சிறப்பானவை. அம்மரம் இயல்பாகவே இளமஞ்சள் நிறமுடையது. 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்படும் மரங்கள் முன்பு பெரும்பாலும் விறகாகவே எரிக்கப்பட்டன. பூஞ்சணமும் பூச்சியும் எளிதில் தாக்கும் என்பதே காரணம். போரான் கலந்த கரைசலால் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், அம்மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருளாயிற்று. விடியற்காலையில் தலைவிளக்கோடு சென்று தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய அதே வகை மரம், இன்று பேரப்பிள்ளைகள் அமர்ந்து பாடம் படிக்கும் மேசையாக வீட்டிற்குள் நிற்கிறது.

மூன்றாவது வேறுபாடு. தமிழ்நாட்டுச் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தால் இழைத்த வெண்சுவர்கள் பளபளக்கும். அவற்றுக்கு எதிரே கருமையான பர்மாத் தேக்குத் தூண்களும், காலடியில் வண்ணப் பூவேலை கொண்ட ஆத்தங்குடித் தரைக்கற்களும் அமைந்திருக்கும். வெண்மை அமைதி தருகிறது; மரமும் தரையும் அழகு சேர்க்கின்றன. உள்ளலங்கார வல்லுநர்கள் பலர் பின்பற்றும் 60, 30, 10 என்ற கணக்கும் இதையே கூறுகிறது. அறையின் 60 விழுக்காடு சுவரின் வெளிர் நிறமாகவும், 30 விழுக்காடு மரம், பாய் போன்றவற்றின் இடைநிறமாகவும், எஞ்சிய 10 விழுக்காடு அழுத்தமான நிறமாகவும் இருக்கலாம்.

அந்த 10 விழுக்காட்டிற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. புதுவீட்டிற்குப் பொருந்தாது என்று எண்ணி, பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கையும் செம்பையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவோர் உண்டு. தாத்தா தோட்டத்திலிருந்து சுமந்து வந்த தகரப் பெட்டி குப்பைக்குப் போவதும் உண்டு. உண்மையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான் பித்தளையின் பொன்னிறம் எடுப்பாகத் தெரியும். கட்ட முடியாத பழைய காஞ்சிப்பட்டின் கரையைச் சட்டமிட்டு மாட்டலாம். நூல் புடவையைத் திண்டு உறையாகத் தைக்கலாம். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்களுக்கும் இவ்வழி உதவும். மணி பிளாண்ட் கொடியொன்றைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தால் பசுமையும் வந்துவிடும். அலோர் ஸ்டார்ப் பக்கம் நெல்வயலை நோக்கிய வீடென்றால், சன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

பெயர்ந்து வந்த குடும்பங்கள் தோட்டத்தைத் தம்முடன் கொண்டுவர இயலவில்லை. லயங்கள் பல இடிந்துபோயின; மரங்களும் மறைந்தன. எஞ்சியவை ஒரு விளக்கு, ஒரு பெட்டி, ஒரு புடவை, சில படங்கள் மட்டுமே. அவற்றை அகற்றிவிட்டால், வெள்ளைச் சுவர் யாருடைய வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். அவற்றுக்கு உரிய இடம் கொடுத்தால், எளிய வெளிர் நிற வீடும் அந்தக் குடும்பத்தின் வீடாக விளங்கும்.