குழாய்க்கு மேலே எவ்வளவு தண்ணீர்?

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் ஓடும் நாரோபோட்டுக்கு ஏழு அடிகூட அகலம் கிடையாது. நீளமோ 57 அடி, சிலவற்றுக்கு 70 அடி. அடிப்பாகம் தட்டை, தண்ணீருக்குள் இறங்குவது சுமார் இரண்டு அடிதான். அதன் அணியத்தில் குறுக்கே ஒரு குழாயைப் பதித்து, உள்ளே சின்ன ப்ரொப்பல்லரைச் சுழற்றி, மூக்கை இடமோ வலமோ தள்ள வைப்பதுதான் பௌ த்ரஸ்டர். பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகள் எடுத்த எடுப்பில் மோட்டார் எத்தனை கிலோவாட் என்று கேட்கிறார்கள். ஆழம் குறைந்த படகில் அது கடைசிக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. த்ரஸ்டர் தேவையா என்று உரிமையாளரிடம் கேள். அந்தக் காலத்துச் சரக்குப் படகுக்காரர்கள் எழுபது அடிப் படகின் பின்னால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு த்ரஸ்டர் பொத்தான் இல்லாமல்தான் போனார்கள். அதைச் சொல்லிக் கேலி பேசுபவர்கள் இன்றும் உண்டு, காதில் போட்டுக்கொள்ளாதே. தனியாகப் படகோட்டும் முதியவர், காற்றடிக்கும் நாளில் இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைய வேண்டியிருந்தால் இது பெரிய உதவி. சுக்கான் பிடிக்கப் பழகாத குறையை மூடத்தான் என்றால், பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்.

2. காலித் தொட்டியோடு அளவெடு. இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். இந்தப் படகுகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் அணியத்தில்தான் இருக்கும். 500 லிட்டர் என்றால் அரை டன். தொட்டி நிரம்பியிருக்கும்போது அணியம் பணிந்து நிற்கும்; குளித்து, சமைத்து, துவைத்து நாலு நாள் போனால் அது நிமிரும். கேஸ் சிலிண்டர்களும் நங்கூரச் சங்கிலியும் அங்கேதான். அத்தனையையும் இறக்கிவிட்டு, தண்ணீர் தொடும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் குறி. உன் கணக்கெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

3. குழாயின் மேல் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குழாயின் விட்டத்தில் பாதியாவது தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு முழு விட்டம் நின்றால் நல்லது. அதற்குக் குறைந்தால் ப்ரொப்பல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சும். சத்தம் ஊரைக் கூட்டும், படகு அசையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். தொட்டி நிறைந்திருக்கையில் அணியம் 480 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வை. அடித்தட்டுக்கு மேலே வெல்டிங்குக்கு 50 மி.மீ. விடு. 185 மி.மீ. குழாய் வைத்தால் மேலே 245 மி.மீ. தண்ணீர். தொட்டி காலியாகி அணியம் 100 மி.மீ. எழும்பினாலும் 145 மி.மீ. மிச்சம், பாதி விட்டத்தைத் தாண்டிவிட்டது, பிழைத்தோம். அதே படகில், வலு கூடட்டும் என்று 250 மி.மீ. குழாயை வைத்தாயானால், தொட்டி காலியான அன்று மேலே நிற்பது வெறும் 80 மி.மீ. வேண்டியதோ 125. பெரியதை வாங்கியவனுக்குச் சின்னதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். வலு கூட வேண்டுமென்றால் அதே விட்டத்தில் இரட்டை ப்ரொப்பல்லர் உள்ளதைத் தேடு.

4. எவ்வளவு உந்துவிசை வேண்டும் என்பதைக் காற்று சொல்லும். 17 மீட்டர் படகின் பக்கவாட்டில் காற்று படும் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். வினாடிக்கு 8 மீட்டர் வேகக் காற்று அதன்மேல் ஏறக்குறைய 80 கிலோ விசையோடு சாயும். பின்பக்கம் நிலையாக நிற்பதாகக் கொண்டால் அணியத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிவிடும். அந்தப் புயலுக்கு த்ரஸ்டர் வாங்காதே, கயிற்றைக் கட்டிவிட்டு டீ குடி. குழாயை எவ்வளவு முன்னால் தள்ளுகிறாயோ அவ்வளவு நெம்புபலம் கிடைக்கும்.

5. ஆழமே இல்லையென்றால் குழாயோடு மல்லுக்கட்டாதே. பம்ப் வைத்து, அடியிலிருந்து தண்ணீரை எடுத்து, பக்கவாட்டுச் சின்னத் துளைகள் வழியே பீய்ச்சும் ஜெட் த்ரஸ்டர்கள் இருக்கின்றன. அதே மின்சாரத்துக்கு உந்துவிசை குறைவுதான். ஆனால் பெரிய குழாயை மூழ்கடிக்கும் கவலை இல்லை. ரைன் நதியின் சரக்குக் கப்பல்களைப் பார். 2018 அக்டோபரில் அதன் கரையிலுள்ள கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோலில் தண்ணீர் 25 செ.மீ. வரை இறங்கியது. அது ஆற்றின் முழு ஆழம் அல்ல என்றாலும் சரக்கைப் பெரிதும் குறைத்துத்தான் போக முடிந்தது. சரக்கு குறைந்தால் அணியம் எழும்பும், குறுக்குக் குழாய் வெளியே வரும். ஷோட்டல் நிறுவனத்தின் பம்ப்-ஜெட் போன்றவை அடித்தட்டு வழியாகவே தண்ணீரை உறிஞ்சி, வேண்டிய திசையில் தள்ளும்; அவற்றின் அருமை இப்படிப்பட்ட ஆறுகளில்தான் தெரியும்.

6. குழாயின் இரண்டு வாயையும் கத்திமுனையாக விடாதே. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வளைவு கொடுத்து உருட்டு. கூர்விளிம்பில் தண்ணீர் சுழித்து உந்துவிசையைத் தின்னும். கிளையும் பிளாஸ்டிக் பையும் வரும் கால்வாயில் குழாய் வாய்க்குக் குறுக்கே கம்பி வேண்டும்தான், ஆனால் நெருக்கமாக வைத்தால் தண்ணீரும் வராது. குழாயின் மேலே, நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி, சுத்தம் செய்ய ஒரு மூடியும் வை.

7. கேஸ் பெட்டிக்குள் த்ரஸ்டர் மோட்டாரையோ ரிலேயையோ வைக்கவே கூடாது. நாரோபோட்டில் கேஸ் பெட்டியும் அணியத்தில்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று யாராவது கேட்பார்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மோட்டாரின் பிரஷ் பொறி கக்கும். நடுவே கசியாத தடுப்புச் சுவர் இல்லையென்றால் வேலையை நிறுத்து. உரிமையாளர் முறைத்தாலும் பரவாயில்லை.

8. பேட்டரி அணியத்திலேயே இருக்கட்டும். 3 கிலோவாட் மோட்டார் 12 வோல்ட்டில் 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பின்பக்க பேட்டரியிலிருந்து போய்வர 32 மீட்டர் கேபிள். 95 சதுர மி.மீ. செம்பு போட்டாலும் ஒன்றே முக்கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். ஃபியூஸ் பேட்டரி ஓரத்தில், பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம், கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச்.

9. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிக் கறுப்பு பூசுவார்கள். குழாயின் உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். நீட்டுப் பிடி பிரஷ் வாங்கி வை. துருவிலிருந்து இரும்பைக் காக்கும் ஆனோடையும் அப்போதே பார்: நன்னீரில் துத்தநாகம் மேலே படலம் பிடித்துச் செயலற்றுப்போகும், மெக்னீசியம் போடு. அதன்மேல் பெயிண்ட் படவே கூடாது.

10. படகை ஒப்படைக்கும்போது உரிமையாளரோடு ஒரு சுற்று போ. பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி விடுவதுதான் முறை. இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து ஓடினால் மோட்டார் சுட்டு நின்றுவிடும். கரையை ஒட்டி நின்று பீய்ச்சினால் கரை மண் அரிக்கும். படகு நடைவேகத்தை எட்டிய பிறகு த்ரஸ்டரால் பெரிய பயன் இல்லை, அப்போது சுக்கான்தான் திருப்பும் என்பதையும் அவர் கையாலேயே செய்து பார்க்கச் சொல்.