தட்டு நிறைந்தும் தீராத பற்றாக்குறை

வரவு குறைந்து செலவு மிகும் கணக்குகளை அன்றாடம் காண்பது எங்கள் பணி. அத்தகைய கணக்கு ஒன்று எங்கள் வீட்டு உணவு மேசையிலேயே நடந்துகொண்டிருந்ததை நாங்கள் வெகுநாள் அறியவில்லை.

செகந்திராபாத்தில் எங்களுடன் வாழும் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அகவை 76. சென்ற ஆண்டு ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருடைய எடை 54 கிலோவிலிருந்து 48 கிலோவாக இறங்கிற்று. உடல் தேறுவதற்கு நாளொன்றுக்கு 1,600 கலோரியாவது உட்கொள்ள வேண்டும் என்றார் உணவியலாளர். மூன்று வேளையும் தட்டு நிறையத்தானே உண்கிறார் என்பது எங்கள் எண்ணம். ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தோம். காலையில் மூன்று இட்லி, சாம்பார். நண்பகலில் ரசம் சோறு, பொரியல், நீர்மோர். இரவில் மீண்டும் இட்லி, சட்னி. இடையே இருமுறை காப்பி, இரண்டு பிஸ்கட். கூட்டிப் பார்த்தபோது 900 கலோரியை ஒட்டியே நின்றது.

பற்றாக்குறை 700. அதை ஈடுசெய்ய நாங்கள் செய்த முதற்காரியம் தவறானது. ஒவ்வொரு வேளையும் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தோம், கெஞ்சினோம், சிலநாள் கடிந்தும் கொண்டோம். அவரோ, "வயிறு என்னப்பா, உங்க பேங்க் லாக்கரா? இருக்கிறதையெல்லாம் உள்ளே வச்சுப் பூட்டிக்க?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டே வாரத்தில் உண்பதற்கு அமரவே தயங்கினார். எடை இன்னும் அரைக் கிலோ குறைந்தது. அன்றுதான் எங்களுக்கு உண்மையான அச்சம் பிறந்தது.

இதே சிக்கலை வேறோர் அகவையினரிடம் ஆராய்ந்த நிறுவனம் எங்கள் நகரிலேயே, தார்நாக்காவில், இருக்கிறது. 1918ஆம் ஆண்டு குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் 1960களில் அதன் இயக்குநராக இருந்தார். இந்தியக் குழந்தைகள் மெலிவதற்குப் புரதக் குறைவே முதற்காரணம் என்று உலகம் அப்போது நம்பியது. கோபாலனும் அவருடைய குழுவினரும் வேறு முடிவுக்கு வந்தனர். வீட்டில் உண்ணும் தானியமும் பருப்புமே போதிய அளவில் உள்ளே சென்றால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்; செல்லும் அளவே போதவில்லை, அதாவது குறைவது கலோரி, என்றனர். 1973இல் வெளியான அவர்களது ஆய்வில், ஒன்று முதல் ஐந்து வயது வரையான சிற்றூர்க் குழந்தைகளுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே கொண்ட துணையுணவு ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் வழங்கப்பட்டது. அவர்களது வளர்ச்சி மேம்பட்டது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்திலும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 300 கலோரி என்ற அளவே வைக்கப்பட்டது.

குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சியை எவ்வளவு ஊட்டினாலும் கலோரி நிறைவதற்குள் வயிறு நிறைந்துவிடும். முதியவருக்கோ இரைப்பை காலியாவது தாமதப்படுகிறது. சில கவளத்திலேயே நிறைவு தோன்றுகிறது. சுவையும் மணமும் மங்குகின்றன. காரணம் வெவ்வேறாயினும் இருவருக்கும் இடப்பற்றாக்குறையே தடை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு உண்கிறார் என்பதன்று. உண்பதில் எவ்வளவு தண்ணீர் என்பதே. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். தண்ணீர் ஒன்றுமே தராது. 60 கிராம் அரிசி தருவது ஏறத்தாழ 210 கலோரி. வெந்து சோறாகும்போது அதன் எடை மும்மடங்காகலாம். கலோரி அதே 210தான். அதன்மேல் ரசம், பிறகு மோர், நடுவே ஒரு குவளைத் தண்ணீர். நமது மரபுவழிப் பத்திய உணவு, எளிதில் செரிக்கும் என்ற நல்லெண்ணத்திலேயே, நோயாளியின் சிறிய வயிற்றை நீரால் நிரப்பிவிடுகிறது. இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். எனினும் எங்கள் குறிப்பேடு காட்டியது இதையே.

தட்டின் அளவைக் கூட்டுவதை நிறுத்தினோம். சோற்றிலும் இட்லியிலும் நாளுக்கு நான்கு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தோம். ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி வீதம் 180. ரசத்துக்கு முன் பருப்புப்பொடிச் சோறு. தண்ணீரும் மோரும் உணவுக்கு அரைமணி கழித்து. மாலையில் வேர்க்கடலையும் வெல்லமும் இடித்துப் பிடித்த உருண்டை, 200 கலோரி. பல் வலுவற்றவராதலால் கடலையைப் பொடித்தே தந்தோம். முற்பகலில் ஒரு வாழைப்பழம். ஒரு வேளைக் காப்பிக்குப் பதிலாக முளைகட்டிய கேழ்வரகு மாவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தோம்.

இம்முளைமாவு தனிச்சிறப்புடையது. சாதாரண மாவு வேகும்போது நீரை ஈர்த்து உப்பிக் கெட்டிப்படுவதால் மேன்மேலும் நீர் விட நேர்கிறது. தானியம் முளைக்கையில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது. அதனால் கூடுதல் மாவு இட்டாலும் கஞ்சி குடிக்கும் பதத்திலேயே இருக்கும். நம் பாட்டிமார் நொதியின் பெயரறியாமலே கேழ்வரகை முளைகட்டி வந்தனர்.

கணக்கு 1,550ஐத் தொட்டது. 1,600 இன்னும் எட்டவில்லை. நான்கு மாதங்களில் எடை 51 கிலோவாயிற்று. இப்போது குறிப்பேட்டைத் தந்தையாரே எழுதுகிறார். எங்கள் கூட்டலில் பிழையும் கண்டுபிடிக்கிறார்.

வாசகர்கள் இரண்டை மனத்திற்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் உடலெடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் காரணமின்றிக் குறைந்தால் முதலில் மருத்துவப் பரிசோதனை. உணவு மாற்றம் அதற்குப் பின்னரே. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உடையோர் வெல்லம், கடலை, நெய் ஆகியவற்றின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

வீட்டில் செய்து வைக்க விரும்புவோருக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மெலிந்த குழந்தைகளுக்கென வகுத்த 'ஐதராபாத் கலவை' உகந்தது. கோதுமை 40 கிராம், கொண்டைக்கடலைப் பருப்பு 16 கிராம், வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். மொத்தம் 86 கிராமில் 330 கலோரி, 11 கிராமுக்குச் சற்று மேல் புரதம். முதல் மூன்றையும் தனித்தனியே மணம் வர வறுத்து, ஆறியபின் பொடித்து, வெல்லத்தூள் கலக்க வேண்டும். வேர்க்கடலை சேர்வதால் நாட்பட்டால் சிக்கு வாடை பிடிக்கும். ஆதலால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, ஈரமற்ற டப்பாவில் மூடி வைத்துக்கொள்ளலாம்.