பழைய பாலிசியும் பாழ்பட்ட நிலமும்

கெடு முடிந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை நாம் என்ன செய்வோம்? பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டு விடுவோம். அமெரிக்காவிலோ, பல்லாண்டுகளுக்கு முன் முடிந்துபோன பாலிசிகளைத் தேடியெடுத்து, நஞ்சேறிய தொழிற்சாலை நிலங்களைச் சுத்தம் செய்யப் பணம் பெறுகிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

சட்டம் பிறந்த கதை

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ‘லவ் கெனால்’ என்றொரு பாதி வெட்டிய கால்வாய் இருந்தது. ஹூக்கர் என்ற ரசாயனக் கம்பெனி 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் கழிவை அதில் கொட்டி மூடியது. பிறகு அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திற்கு எழுதிக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. நஞ்சு வீடுகளுக்குள் கசிந்ததால் 1978-இல் அவசர நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது.

இதன் விளைவாக 1980-இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் வந்தது. அன்று கழிவைக் கொட்டியவர் மட்டுமல்ல, இன்று நிலத்தை வைத்திருப்பவரும் பொறுப்பாளியாகலாம். “அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்” என்ற சமாதானம் செல்லாது. பெரிய ஆலைகள் மட்டுமா? டிரை கிளீனிங் கடையில் பயன்படும் கரைப்பான் திரவம் நிலத்தடி நீரில் கலந்துவிட்டால், சுத்தம் செய்யும் செலவு கடையின் மதிப்பையே மிஞ்சிவிடலாம்.

பழைய பாலிசி ஏன் செல்லும்?

தம் தொழிலால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்ட அங்குள்ள நிறுவனங்கள் பொதுப் பொறுப்பு பாலிசி எடுப்பது வழக்கம். பழைய பாலிசிகள் பெரும்பாலும் ‘நிகழ்வு’ அடிப்படையிலானவை. சேதம் எந்த ஆண்டில் நேர்ந்தது என்பதே அவற்றில் முக்கியம். கோரிக்கை எந்த ஆண்டில் வந்தது என்பதல்ல. 1968-இல் கசிவு பக்கத்து நிலத்தைக் கெடுத்திருந்தால், நோட்டீஸ் 2005-இல் வந்தாலும் 1968-ஆம் ஆண்டு பாலிசி பதில் சொல்ல வேண்டியிருக்கும். சேதம் பல ஆண்டுகள் தொடர்ந்திருந்தால், அந்த ஆண்டுகளின் பாலிசிகள் அனைத்தையும் நாடலாம் என்று டி.டி.டி. தயாரித்த மான்ட்ரோஸ் கம்பெனியின் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது.

ஆனால் வரம்புகள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், ‘திடீரென்றும் தற்செயலாகவும்’ நேர்ந்த மாசுக்கு மட்டுமே ஈடு என்ற விதி பாலிசிகளில் புகுந்தது. 1986 வாக்கில் மாசு ஏறக்குறைய முழுவதுமாக விலக்கப்பட்டது. ஆகவே பாலிசி எவ்வளவு பழையதோ, பெரும்பாலும் அவ்வளவு மதிப்பு! வேண்டுமென்றே விளைவித்த சேதத்திற்கு ஈடு கிடையாது. சொந்த நிலத்தின் சேதத்தையும் இவை விலக்குகின்றன. ஆனால் நிலத்தடி நீரும் பக்கத்து நிலமும் கெட்டிருந்தால் கேட்க வழியுண்டு.

பாலிசி தொலைந்து போனால்?

இதற்கென்றே ‘இன்ஷூரன்ஸ் தொல்லியல்’ என்றொரு தொழில் அங்கே வளர்ந்துள்ளது. பிரீமியம் எழுதிய கணக்குப் புத்தகம், பழைய செக், தரகரின் கோப்பு, கடனுக்காக வங்கியில் கொடுத்த சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு பாலிசி இருந்ததையும் அதன் நிபந்தனைகளையும் நிரூபிக்கலாம். தகவல் தெரிந்தவுடன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும். தாமதம் உரிமையைக் கெடுக்கும்.

நமக்கு என்ன பாடம்?

1984 போபால் விபத்துக்குப் பின், நம் நாட்டில் 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அபாயகரமான பொருள்களைக் கையாள்வோர் இன்ஷூரன்ஸ் எடுப்பது கட்டாயமாயிற்று. விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடனடி நிவாரணம் தருவதே அதன் நோக்கம். பல்லாண்டுக் கசிவால் கெட்ட மண்ணைச் சுத்தம் செய்வதல்ல.

எனவே, தொழில் நடத்தும் அன்பர்கள் மூன்றை மறவாதிருப்பது நல்லது:

1. ஷெட்டோ நிலமோ வாங்குமுன், முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்று விசாரியுங்கள்.

2. உங்கள் பாலிசி நிகழ்வு நேர்ந்த ஆண்டைப் பார்க்கிறதா, கோரிக்கை வந்த ஆண்டைப் பார்க்கிறதா என்று கேட்டறியுங்கள். இரண்டாவது வகையானால், கெடு முடிந்தபின் வரும் கோரிக்கைக்கு ஈடு கிடைப்பது அரிது.

3. பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளையும் பிரீமியம் ரசீதுகளையும் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அவை உதவக்கூடும்.