நிலத்தடி நீரும் மின்சாரச் சோதனையும்

பொதிய மலையடிவாரத்திலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் நின்று நோக்குவோர்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பது நம்பத்தகாத கதையாகவே தோன்றும். பொருநையாறு அருகே ஓடுகின்றது. கோடைமேலழகியான் கால்வாய்கள் வயல்களை நனைக்கின்றன. எனினும், கால்வாய் ஏறாத மேட்டு நிலங்களும், வடக்கே ஆலங்குளம் பக்கத்துப் புன்செய்களும் கிணற்றையே நம்பியிருக்கின்றன. அங்கே ஆழ்குழாய்க் கிணறொன்று பொய்த்துவிடின், குடியானவனுக்கு மிஞ்சுவது கடனே. ஆதலின், தோண்டுமுன் பூமியின் உள்ளமைப்பை அறிய வழியுண்டோ என்று வினவுதல் வீண் ஆராய்ச்சியன்று.

இவ்வட்டாரத்தின் அடிப்பாறை நைஸ், சார்னக்கைட் முதலிய தொன்மையான கற்களாம். (கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பாரின் கல்லறைமீது சென்னைப் பக்கத்துக் கல்லைக் கண்ட ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரியார், 1893-ஆம் ஆண்டில் அதற்கு அவர் பெயரையே இட்டனர். நம் மலையின் கல்லுக்குக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது விந்தையன்றோ!) இக்கற்களினுள்ளே நீர் தங்க இடமில்லை. மேற்புறத்தே மக்கிச் சிதைந்த பகுதியிலும், கீழேயுள்ள வெடிப்புகளிலுமே அது தங்கும். பூமிக்கடியில் ஆறுபோல் ஓடுவதாகப் பலர் கருதும் நீரோட்டம் இங்கில்லை.

மக்காத பாறை மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கும். ஈரமுள்ள மக்கிய பாறை அத்துணை தடுக்காது. இவ்வேறுபாட்டைக்கொண்டு பிரான்சு தேசத்துக் கன்ராட் ஷ்லம்பர்ஜர் 1912-இல் நிலத்தைச் சோதிக்கத் தொடங்கினார். அமெரிக்கரான வென்னர் வகுத்த முறை மிக எளிது. நான்கு உலோக முளைகளை ஒரே நேர்கோட்டில் சம தூரத்தில் அடித்து, வெளி முளைகளின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளிரண்டிற்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளப்பர். அவ்வழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, அடுத்தடுத்த முளைகளின் இடைத்தூரத்தாலும் 6.28-ஆலும் பெருக்க, நிலத்தின் தடையெண் கிடைக்கும். பௌதிக வகுப்பில் ஓம் விதியைக் கற்றவர் இதனை எளிதில் உணர்வர். முளைகளை அகற்றி அகற்றி நடுந்தோறும் மின்சாரம் மேன்மேலும் ஆழத்தே பாயுமாதலின், எண்களை வரிசையாகக் குறித்தால் கீழுள்ள அடுக்குகள் ஒருவாறு புலனாகும். எண் இறங்கிப் பின் ஏறுமாயின், இடையில் மக்கிய பாறையும் அதன்கீழ்க் கெட்டிப் பாறையும் இருத்தல் கூடும்.

"கூடும்" என்றே சொல்லவேண்டும். கருவி அளப்பது தடையையேயன்றி நீரையன்று. களிமண்ணும் மின்சாரத்தை எளிதில் விடும். உப்புநீர் அதனினும் எளிதில் விடும். மலையடிவாரத்தில் நம்பிக்கை தரும் குறைந்த எண், ஆறு கடலொடு கலக்கும் புன்னைக்காயலருகே உவர்நீருக்கு அறிகுறியாகலாம். மேலும், ஆழத்திலுள்ள மெல்லிய வெடிப்புகள் இம்முறையில் பெரும்பாலும் அகப்படா. நிலத்தைச் சம்மட்டியால் அடித்து, அதிர்வு செல்லும் வேகத்தை அளப்பது மற்றொரு முறை. நீர் நிறைந்த மக்கிய பகுதியில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டரும், கெட்டிப் பாறையில் 5,000 மீட்டருக்கு மேலும் செல்லுமாதலின், பாறையின் ஆழத்தை இதனால் சரிபார்க்கலாம்.

இவையனைத்தினும் முந்தி நிற்பது பழங்கிணறே. அதன் பக்கச் சுவரில் மண்ணும் மக்கிய கல்லும் பாறையும் எத்துணை எத்துணை அடி என்பது கண்ணெதிரே தெரியும். முதலில் அதனருகே முளைகளை நட்டு, கிடைத்த எண்களைச் சுவரொடு ஒப்பிட்டறிந்தபின் புது நிலத்திற்குச் செல்லுதலே முறையாம்.